பொருளியலில் சிறக்கும் மாணவர் கற்கும் முறை



பொருளியல் பாடத்தில் உயர்ந்த தேர்ச்சி பெறும் மாணவர்கள் எந்தப் பாணியில் கற்கிறார்கள் என்பது இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். ‘பாணி’ என்னும் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை முதலில் அவிழ்த்த பின்னரே மேலே செல்ல இயலும்.

மாணாக்கரை வகைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை எட்டு உவமைகளால் பிரித்துக் காட்டினார். நீரை விலக்கிப் பாலை உண்ணும் அன்னமும், புல் மிகுந்த இடத்தில் வயிறார மேய்ந்து பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. உழவன் செய்த முயற்சியின் அளவுக்கு விளைவு தரும் மண்ணும், சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்க்கு உரியவை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் கிளியைப் பவணந்தியார் கடைசியில் தள்ளவில்லை; நடுவில் வைத்தார். இன்றைய கல்விப் பேச்சில் மனப்பாடத்தை ஒரு குற்றம்போல் பேசுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வகைப்படுத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1984-இல் டேவிட் கோல்ப் கற்போரை நான்கு பாணியினராகப் பிரித்தார். 1992-இல் நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங், காட்சிவழி, செவிவழி, படிப்பு எழுத்துவழி, செயல்வழி எனக் கற்றல் விருப்பங்களை நான்காகப் பகுத்து ஒரு வினாநிரலை வெளியிட்டார். இத்தகைய கொள்கைகளைப் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவர்தம் குழுவினரும் 2004-இல் எண்ணிப் பார்த்தபோது 71 மாதிரிகள் தேறின. எட்டு உவமைகளோடு நிறுத்திக்கொண்ட பவணந்தியார் சிக்கனமானவர் என்றே சொல்ல வேண்டும்.

‘என் மகள் காட்சிவழி கற்பவள், அவளுக்கு நீண்ட பாடம் படிக்க வராது’ என்று பெற்றோர் சொல்வதை நம்மிற் பலர் கேட்டிருப்போம். சில மாணவர்களே தம்மைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு? 2008-இல் ஹரோல்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் ஆகிய நான்கு உளவியலாளர்கள் இக்கேள்வியை நேரடியாக ஆராய்ந்தார்கள். பாணிக் கொள்கை உண்மையானால், காட்சிவழி மாணவர் படங்களால் கற்கும்போதும், செவிவழி மாணவர் சொற்களால் கற்கும்போதும் மிகுதியாகத் தேற வேண்டும். இடம் மாற்றினால் இருவரும் குறைய வேண்டும். அவ்வாறு முறையாகச் சோதித்த ஆய்வுகள் மிகச் சிலவே என்றும், அவற்றிலும் பல கொள்கைக்கு எதிரான முடிவையே தந்தன என்றும் அவர்கள் எழுதினார்கள். விருப்பம் என்பது உண்டு. படம் பார்க்கப் பிடிக்கும், பேச்சுக் கேட்கப் பிடிக்கும் என்பவை பொய்யல்ல. ஆனால் பிடித்த வழியில் கற்பதால் தேர்ச்சி கூடுகிறது என்பதற்குத்தான் சான்று இல்லை.

பொருளியலில் இந்தப் பாணி முத்திரை வேறு பாடங்களைக் காட்டிலும் மிகுதியாகக் கெடுதல் செய்கிறது என்பது நம் கருத்து. காரணம் எளிது. பொருளியலின் ஒவ்வொரு கருத்தும் நான்கு உடைகளில் வருகிறது: சொல்லாக, வரைபடமாக, எண் அட்டவணையாக, ஒரு செய்தித்தாள் நிகழ்வாக. ஓர் உடையில் மட்டும் அடையாளம் கண்டு மற்றவற்றில் தவறவிடுபவர் அந்தக் கருத்தை அறிந்தவர் ஆகார்.

வாகன உரிமைச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். 1990-இல் தொடங்கிய இந்த ஏலத்தை அறியாத குடும்பம் சிங்கப்பூரில் இல்லை. விலை ஏறினால் அளிப்புக் கூடும் என்று விதியைப் படித்த மாணவர், சான்றிதழ் விலை ஏறும்போதும் அதையே எழுதிவிடுகிறார். சான்றிதழ்களின் எண்ணிக்கையை அரசு முன்னரே வரையறுக்கிறது. ஆகவே அளிப்புக் கோடு செங்குத்தாக நிற்கும். தேவை வலப்புறம் நகர்ந்தால் விலை மட்டுமே ஏறும், அளவு அசையாது. இதைச் சொல்லால் விளக்கத் தெரிந்தவர் வரைபடத்தில் கோட்டைச் சாய்த்துப் போடுவதும், வரைபடத்தைச் சரியாகப் போட்டவர் அதன் கீழே தவறான வாக்கியம் எழுதுவதும் விடைத்தாள்களில் அன்றாடக் காட்சி. சிறக்கும் மாணவர் இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கிறார். தாம் எழுதிய வாக்கியத்தைத் தாம் வரைந்த கோட்டிடம் கேட்டுச் சரிபார்க்கிறார். அவருக்குப் பிடித்த பாணி எதுவாயினும், இந்த உரசலிலிருந்து அவர் தப்புவதில்லை.

ஆகவே பாணி என்ற சொல்லை இங்கே இறக்கி வைத்துவிட்டு, ‘அணுகுமுறை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபெரென்ஸ் மார்ட்டனும் ரோஜர் செல்யோவும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கட்டுரையைப் படித்த மாணவர்கள் இருவேறு நோக்கத்தோடு படித்ததைக் கண்டார்கள். சிலர் என்ன கேட்கப்படுமோ என்ற அச்சத்தில் சொற்களைப் பிடித்துக்கொள்ள முயன்றார்கள். வேறு சிலர் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பதைப் பிடிக்க முயன்றார்கள். மேலோட்டமான அணுகுமுறை, ஆழ்ந்த அணுகுமுறை என்ற பிரிவு அங்கிருந்து வந்தது. பாணி பிறவிக் குணம்போல் பேசப்படுகிறது, அணுகுமுறையோ மாறக்கூடியது. ஒரே மாணவர் ஒரு பாடத்தில் ஆழ்ந்தும் இன்னொரு பாடத்தில் மேலோட்டமாகவும் கற்கலாம். நாம் வைக்கும் தேர்வே அவரை ஒரு பக்கம் தள்ளலாம்.

பொருளியலில் ஆழம் என்பது என்ன? வாய்ப்புச் செலவு என்னும் கருத்தால் இதைச் சோதிக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு என்ற வரையறையை எல்லா மாணவரும் ஒப்பிப்பார்கள். 2005-இல் பால் ஃபெராரோ, லாரா டெய்லர் ஆகிய இருவர் ஒரு சிறு கணக்கை வெளியிட்டார்கள். எரிக் கிளாப்டனின் இசை நிகழ்ச்சிக்கு உங்களுக்கு ஓர் இலவச நுழைவுச்சீட்டுக் கிடைத்திருக்கிறது. அதை மறுவிற்பனை செய்ய இயலாது. அதே இரவில் பாப் டிலன் பாடுகிறார். அதுவே உங்களுடைய அடுத்த சிறந்த விருப்பம். டிலன் நிகழ்ச்சியின் சீட்டு 40 டாலர். அதற்கு நீங்கள் 50 டாலர் வரை கொடுக்க ஆயத்தமாக இருப்பீர்கள். கிளாப்டனைக் கேட்கச் செல்வதன் வாய்ப்புச் செலவு எவ்வளவு: சுழியமா, 10 டாலரா, 40 டாலரா, 50 டாலரா?

விடை 10 டாலர். டிலனைக் கேட்காததால் 50 டாலர் மதிப்புள்ள இன்பத்தை இழக்கிறோம். ஆனால் 40 டாலர் நம் பையிலேயே தங்குகிறது. இக்கேள்வியை அமெரிக்கப் பொருளியல் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்திற்கு வந்திருந்த 199 பொருளியலாளரிடம் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர் 21.6 விழுக்காட்டினர். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டிருந்தாலும் 25 விழுக்காடு வந்திருக்கும்! பட்டம் பெற்றவர்களே இடறி விழும் இடம் இது என்றால், பதினேழு வயது மாணவர் தடுமாறுவதில் வியப்பில்லை. யான் மேயரும் ரே லேண்டும் 2003 முதல் ‘வாயிற்கருத்துகள்’ என்று எழுதிவருவது இத்தகைய கருத்துகளைத்தான். வாயிலைத் தாண்டியவர் உலகைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். தாண்டாதவர் வாயிலின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு வெளியே நிற்பார்.

இனி, தாண்டியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு வருவோம்.

முதலாவது, அவர்கள் புத்தகத்தை மூடுகிறார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதையும் வண்ணக்கோடு இடுவதையும் குறைத்துக்கொண்டு, வெற்றுத் தாளில் தமக்குத் தெரிந்ததை எழுதிப் பார்க்கிறார்கள். 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் நடத்திய சோதனை இதற்கு நல்ல சான்று. ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். இரண்டு நாள்களுக்குப் பின்னும், ஒரு வாரத்திற்குப் பின்னும் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தின இரவு மீண்டும் படித்ததும் வரும் நிறைவு உணர்வு எவ்வளவு ஏமாற்றுவது என்பதை இது காட்டுகிறது. 2013-இல் ஜான் டன்லாஸ்கியும் உடனாய்வாளரும் பத்துக் கற்றல் உத்திகளை மதிப்பிட்டபோது, தன்னைத்தானே சோதித்தலும் இடைவெளி விட்டுக் கற்றலும் மட்டுமே உயர்ந்த பயனுடையவை எனத் தரம் பெற்றன. பசு அசைபோடுவதைப் பவணந்தியார் தலைமாணாக்கர்க்கு உவமை ஆக்கியது நினைவிற்கு வருகிறது.

இரண்டாவதே நாம் இன்று மிகுதியாகப் பேச விரும்புவது. அவர்கள் பிறருக்கு விளக்குகிறார்கள்.

நன்னூல் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. ஆசிரியர் உரைத்ததை முழுதும் உள்ளத்தில் கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால்பங்குப் புலமை. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்து விரித்துரைப்பதால் வருவது. அரைப்பங்கு என்பது எண்ணி அளந்த அளவன்று. ஆனால் எந்தப் பக்கம் எடை மிகுதி என்பதில் பவணந்தியாருக்கு ஐயமே இல்லை. மிஷலின் சீயும் அவர்தம் குழுவினரும் 1989-இல் இயற்பியல் மாணவரிடம் செய்த ஆய்வில், நன்கு தேறியவர்கள் எடுத்துக்காட்டுக் கணக்கின் ஒவ்வொரு படியையும் தமக்குத்தாமே விளக்கிக்கொண்டே சென்றதையும், தேறாதவர்கள் படித்துவிட்டு ‘புரிந்தது’ என்று நகர்ந்ததையும் கண்டார்கள். இரண்டு காலத்தினரும் ஒரே இடத்தைத் தொட்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் பெரும்பாலான மாணவர் பொருளியலை முதன்முதலாகச் சந்திப்பது தொடக்கக் கல்லூரியில். அதுவும் ஆங்கிலத்தில். இரண்டாண்டுக்குள் சந்தை, அரசின் தலையீடு, பேரியல் பொருளியல் அனைத்தையும் கடந்து, தரவு சார்ந்த வினாக்களுக்கும், எச்2 நிலையில் கட்டுரைகளுக்கும் விடை எழுத வேண்டும். காலம் குறைவு என்பதால் பலர் ஆயத்தக் கட்டுரைகளை நாடுகிறார்கள். வசதியுள்ள வீடுகளில் துணைப்பாட வகுப்பு அந்தக் கட்டுரைகளைக் கொண்டுவந்து தருகிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, தன்னிடம் அவை இல்லையே என்று மனம் தளர்கிறது. மனத்தை உறுத்தும் இடம் இதுதான். மேலே சொன்ன இரண்டு வழிகளில் எதற்கும் கட்டணம் இல்லை. வெற்றுத் தாளும், கேட்க ஒரு செவியும் போதும். செவி எந்த வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்தச் செவி பெரும்பாலும் தமிழ்ச் செவி.

இங்கேதான் மொழி நுழைகிறது. ஜூரோங்கில் வாழும் ஒரு மாணவி, கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தன் சிற்றப்பாவிடம் நாணய மாற்று விகிதத்தைப் பற்றிப் பேசுவதாகக் கொள்வோம். 1981 முதல் சிங்கப்பூர் நாணய ஆணையம் வட்டி விகிதத்தைக் கருவியாகக் கொள்ளாமல், நாணய மாற்று விகிதத்தைக் கொண்டே பணக் கொள்கையை நடத்துகிறது. ஆங்கிலப் பாடத்தில் இதை நான்கு வரிகளில் அவள் எழுதிவிடுவாள். சிற்றப்பா கேட்பது வேறு: ‘வெள்ளி வலுவா இருந்தா நான் ஊருக்கு அனுப்புற பணம் அங்கே கூடுதலா ஆகுது. அது எனக்கு நல்லது. அரசாங்கத்துக்கு அதில் என்ன லாபம்?’ இப்போது அவள் சொல்ல வேண்டும்: சிங்கப்பூர் அரிசியையும் எண்ணெயையும் வெளியிலிருந்து வாங்குகிறது, வெள்ளி வலுவாக இருந்தால் அவற்றின் விலை உள்நாட்டில் மலிவாகும், ஆனால் நம் ஏற்றுமதிப் பொருள் அயலாருக்கு விலை கூடும். ‘அப்படியானால் பட்டறைக்கு வேலை குறையுமா?’ என்று அவர் மீண்டும் கேட்பார். அந்த இரண்டாவது கேள்வி எந்த ஆயத்தக் கட்டுரையிலும் இல்லை. அதற்கு விடை தேடும் பொழுதில்தான் அவள் பொருளியல் கற்கிறாள்.

பிற மாறாதிருக்க, அதாவது வேறு எதுவும் மாறவில்லை எனக் கொண்டால், என்பது பொருளியலின் உயிர்நாடியான நிபந்தனை. ஆங்கிலப் பாடத்தில் அது ஓர் இலத்தீன் தொடராக வந்து, மாணவர் வாயில் மந்திரம்போல் ஒட்டிக்கொள்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் சிராங்கூன் சாலையில் மல்லிகை விலை ஏறியும் விற்பனை கூடுகிறதே, தேவை விதி பொய்யா என்று பாட்டி கேட்டால், மந்திரம் உதவாது. விலை மட்டும் மாறவில்லை, விழாவும் வந்துவிட்டது. அதனால் தேவைக் கோடே இடம் மாறிவிட்டது என்று விளக்கத் தெரிய வேண்டும்.

தமிழில் கலைச்சொல் இல்லை என்று சிலர் தயங்குவார்கள். கலைச்சொல் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. தமிழகப் பாடநூல்கள் ‘தேவை, அளிப்பு’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘கேள்வி, நிரம்பல்’ என்கின்றன. தேவை என்றால் பசியும் வீடும்கூட நினைவுக்கு வரும். கையில் பணமில்லாதவன் தேவையும் தேவைதான். கேள்வி என்றாலோ கடைக்காரனிடம் சென்று கேட்பது என்ற பொருள் தொனிக்கிறது; வாங்கும் ஆற்றலோடு கூடிய விருப்பம் என்ற பொருளியல் வரையறைக்கு அது ஒருவேளை நெருக்கமானது. நம் நாட்டில் இருதரப்புத் தமிழரும் வாழ்கிறோம். இரண்டு சொற்களையும் ஒப்பிட்டுப் பேசும் ஐந்து நிமிடம், வரையறையை ஐம்பது முறை எழுதுவதைவிட மேலானது.

இந்த உரையை ஜூரோங்கில் வைத்துக்கொண்டு ஜூரோங்கைப் பற்றிப் பேசாமல் போவது முறையாகாது. நல்ல மாணவரை மிகச் சிறந்த மாணவரிடமிருந்து பிரிப்பது மதிப்பீட்டுத் திறன் என்று ஆசிரியர் அனைவரும் அறிவோம். அத்திறனுக்கு இந்த மண்ணைவிடச் சிறந்த பாடம் இல்லை. சதுப்பு நிலமும் இறால் குட்டைகளுமாக இருந்த இடத்தில் தொழிற்பேட்டை அமைக்க 1961-இல் முடிவாயிற்று. ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் ஐக்கிய நாட்டுக் குழு வந்து அறிக்கை தந்திருந்தது. அதே ஆண்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ முன்னின்று நடத்தினார். தொடக்க ஆண்டுகளில் ஆலைகள் குறைவாகவே வந்தன. ‘கோவின் மடமை’ என்று எள்ளியோரும் உண்டு. 1968-இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் தோன்றியது. 2000-இல் ஏழு தீவுகளை இணைத்து உருவான ஜூரோங் தீவு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கே ஓர் ஆலையின் விளைபொருள் குழாய் வழியே அடுத்த ஆலைக்கு மூலப்பொருளாகச் செல்கிறது. புறச் சிக்கனம் என்று பாடநூல் சொல்வதன் கண்கூடான வடிவம் அது.

சராசரி மாணவர் இதை ‘அரசின் தலையீடு வெற்றி பெற்றது’ என்று ஒரு வரியில் முடிப்பார். சிறக்கும் மாணவர் கேட்பார்: 1963-இல் நின்றுகொண்டு மடமை என்று சொன்னவர் எந்தச் சான்றைக் கொண்டு சொன்னார்? அன்றைய சான்றின்படி அவர் சொன்னது தவறா? மலேசியப் பொதுச் சந்தை கைகூடாமற் போனபின் ஏற்றுமதியை நோக்கித் திரும்பாமல் இருந்திருந்தால் இந்தப் பேட்டை என்னவாகியிருக்கும்? சாலைக்கும் துறைமுகத்திற்கும் இட்ட அதே பணத்தைப் பள்ளிகளுக்கு இட்டிருந்தால்? கடைசிக் கேள்வி வாய்ப்புச் செலவு. டிலன் கணக்கில் இடறியவருக்கு அது தோன்றாது.

கோ கெங் சுவீயின் சொந்தப் பயிற்சியும் எண்ணத்தக்கது. இலண்டன் பொருளியல் பள்ளியில் பயின்ற அவர், சமூக நலத்துறை அலுவலராக 1953–54-இல் சிங்கப்பூர்க் குடும்பங்களின் வருவாயையும் வீட்டு நிலைமையையும் கணக்கெடுக்கும் பணியை நடத்தினார். அதன் அறிக்கை 1956-இல் வெளிவந்தது. கோட்பாட்டைக் கற்றவர் வீடு வீடாகத் திரட்டிய எண்களின் முன் அதை நிறுத்திப் பார்த்தார். அவரே 1979-இல் கல்வி அமைச்சைப் பற்றிய அறிக்கையை அளித்து, மாணவரைக் கற்கும் வேகத்திற்கேற்பப் பிரிக்கும் முறைக்கும் வித்திட்டார். இடையில் படிப்பை விட்டோர் தொகை அன்று மிகுதியாக இருந்தது என்பது அதற்கான காரணம். நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்த உயர்நிலைப் பள்ளிப் பிரிவுகள், 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் நீங்கின. ஒட்டிய முத்திரை ஒரு பிள்ளை தன்னைப் பற்றி நினைப்பதையே மாற்றிவிடும் என்ற கவலை அம்மாற்றத்தின் பின்னே இருந்தது. ‘காட்சிவழி கற்பவள்’ என்பதும் சிறிய அளவில் அத்தகைய முத்திரைதான். அதைச் சான்றே இல்லாமல் ஒட்டுகிறோம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பொருளியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே கல்லூரியில் இருந்தும், பாடத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவது அரிது. தமிழ் வகுப்பின் கலந்துரையாடலுக்குச் சுற்றுச்சூழலும் முதியோர் நலமும் திரும்பத் திரும்பத் தலைப்பாகின்றன. அவற்றோடு பொருள் சேவை வரியையும் சாலைக் கட்டணத்தையும் சேர்க்கலாம். பொருளியல் படிக்கும் மாணவர் விளக்கட்டும், படிக்காதவர் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். இலக்கணப் பிழையைத் தமிழாசிரியர் திருத்தலாம். காரண காரியப் பிழையை உடன் பயில்வோரே பிடித்துவிடுவார்கள்.

இனி வினா நேரம். அதற்கு முன், உங்கள் கையில் உள்ள கையேட்டின் கடைசிப் பக்கம் வெற்றாக விடப்பட்டிருக்கிறது. வாகன உரிமைச் சான்றிதழின் எண்ணிக்கையை அரசு கூட்டினால் விலை என்னவாகும், ஏன் என்பதைத் தமிழில் நான்கு வரிகளில் எழுதி, ஒரு கோட்டுப் படமும் வரைந்து, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பொருளியல் படிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் கேட்கும் கேள்வியிலிருந்து நம் உரையாடலைத் தொடங்குவோம்.